வேன் கிளம்புது, மாமா தூங்குறார்

ஏப்ரல் 9, புதன்

இந்த டைரியை ஜெனி அக்கா கொடுத்தார். ஏதோ நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. முதல் மூன்று மாதப் பக்கங்கள் காலியாகவே போய்விட்டன. "வாயத் தொறந்துதான் பேச மாட்ட, எழுதவாச்சும் செய்யி யோகி" என்றார்.

என் முழுப் பெயர் யோகேஸ்வரி. வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

வேலை சிம்மக்கல்லில், ரஃபீக் அண்ணன் கடையில். முன்பு பிரவுசிங் சென்டராக இருந்தது. இப்போது விஆர் விளையாட்டு. ஒரு கறுப்புப் பெட்டியைக் கண்ணை மூடுகிற மாதிரி தலையில் மாட்டிக்கொண்டால், நாம் நிற்கிற இடம் மறைந்து வேறோர் இடத்துக்குள் நிற்போம். இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு அங்கே இருக்கிற கதவைத் திறக்கலாம், பொருளை எடுக்கலாம். ரஃபீக் அண்ணன் கம்ப்யூட்டரில் ஆட்டத்தை எழுதுவார். அதற்குள் தெரிகிற வீடு, மரம், மனிதர்களை ஜெனி அக்கா செய்வார். நான் கடையைப் பெருக்குவேன், பெட்டிகளில் படிந்த வியர்வையைத் துடைப்பேன், அவர்கள் புதிதாக எது செய்தாலும் முதலில் மாட்டிப் பார்ப்பேன். அவர்கள் இருவருக்கும் கொஞ்ச நேரத்திலேயே தலை சுற்றிவிடும். எனக்குச் சுற்றாது.

இன்று சோலைமலை ஐயா வந்தார். பொருட்காட்சியில் ராட்டினம் போடுகிறவர். பெரிய மீசை, பெரிய வயிறு.

"ஒரு ஸ்டால் காலியாக் கெடக்கு தம்பி. இருபத்தாறாந்தேதி தெறப்பு. புதுசா எதாச்சும் போடு. பேயி, பிசாசெல்லாம் வேணாம், போன வருசமே ஒரு அம்மா மயக்கம் போட்டுருச்சு. ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிசம். அதுக்கு மேல ஒருத்தன் உள்ள நின்னான்னா, வெளிய நிக்கிறவன் டெல்லி அப்பளம் திங்கப் போயிருவான்."

அவர் படி இறங்கியதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வாரத்துல கேமா? ஆறு மாசம் ஆகும்யா!" சொல்லிக்கொண்டே அவருக்கு "சரி" என்று மெசேஜ் அனுப்பினார்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆட்டத்தின் பெயர் 'வேன் கிளம்புது'.

குடும்பமே கல்யாணத்துக்குப் போக வேனில் ஏறிவிட்டது. தாலியை பீரோவிலேயே மறந்துவிட்டார்கள். நீங்கள்தான் வீட்டுக்குள் ஓடி வந்து எடுக்க வேண்டும். நான்கு அறைகள், அறைக்கு ஒரு புதிர். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிடம் முடிந்தால் வேன் போய்விடும்.

"கடிகாரம் காட்ட வேணாம், ஹாரன் போதும். நம்மூர்ல எவன் கடிகாரத்தப் பாத்துக் கெளம்புறான்?" என்று அண்ணன் சொன்னதும் ஜெனி அக்கா கை தட்டினார்.

மூன்று அறைகளுக்குப் புதிர் யோசித்துவிட்டார்கள். பீரோ சாவி இருக்கிற நாலாவது அறைக்கு எதுவும் வரவில்லை. நான் பஞ்சும் மருந்துமாகப் பெட்டி துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் திடீரென்று திரும்பினார்.

"நாலாவது ரூம யோகி பண்ணட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. "நமக்கு முன்னாடி எல்லா கேமையும் முடிக்கிறது இவதான?" என்றார்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அது எந்தப் பக்கமாக ஆடியது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

என் அறை. என் அறை. என் அறை.

ஏப்ரல் 13, ஞாயிறு

யோசித்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடவில்லை என்று கோபித்துக்கொண்டு வேனில் ஏறாமல் படுத்துவிட்ட மாமா. எந்தக் கல்யாணத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். என் அறையில் அவர் பாயில் தூங்குகிறார். சாவி அவர் தலையணைக்கு அடியில். அவரை எழுப்பாமல் எடுக்க வேண்டும். எழுப்பினால் தர மாட்டார்.

எப்படி எடுப்பது? முதலில் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். டக்கென்று நிறுத்தினால் விழித்துவிடுவார், டிவி பார்த்துக்கொண்டே தூங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். அப்புறம் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டும். காற்று போன பக்கம் அவரும் புரண்டு படுப்பார். அப்போது தலையணையை உருவிக்கொண்டு, அதற்குப் பதில் போர்வையை மடித்துத் தலைக்கு அடியில் தள்ள வேண்டும். சாவி கிடைக்கும்.

இதை ஜெனி அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் படம் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அடியே, ஒரு வார்த்த பேசாம ஒரு ஆளையே கவுத்துப்புட்ட" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கடை லீவு. வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டோம். அம்மா லீவு விடவில்லை, இட்லி மாவு ஆட்டி விற்கிறவர்களுக்குப் பண்டிகை ஏது? மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு மாவு கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் வீட்டு மணி வேலை செய்யவில்லை. வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம்தான். பிறகு அவர்களே வெளியே குப்பை கொட்ட வந்தார்கள்.

"ஒரு கொரல் குடுக்க வேண்டியதுதான?" என்றார் அம்மா. மாவு லேசாகப் பொங்கியிருந்தது, அதனால் என்ன.

ஏப்ரல் 17, வியாழன்

மாமா வந்துவிட்டார்! ஜெனி அக்கா அச்சு அசல் சோலைமலை ஐயாவைப் போலவே செய்திருக்கிறார். மீசை, வயிறு, பனியன், தோளில் துண்டு. சோலைமலை ஐயா வந்து பெட்டியை மாட்டிப் பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"யாருய்யா இவென்? எங்க சித்தப்பா மாதிரியே இருக்கான், வெளங்காதவென்" என்றார்.

ஜெனி அக்கா பாத்ரூமுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தார்.

என் அறையில் எல்லாம் வேலை செய்கிறது. நான் மாட்டிப் பார்த்து ஒரு நிமிடத்துக்குள் முடித்தேன். மாமா புரளும்போது வயிறு ஒரு நொடி பிந்தி வருகிறது. அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 18, வெள்ளி

இன்று வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டோம். கீழே தையல் கடை கலைவாணி அக்கா, டீக்கடை அண்ணன், இன்னும் தெருவில் போனவர்கள் சிலர். மூன்று அறைகளையும் சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டார்கள்.

என் அறைக்குள் வந்தார்கள். எல்லாரும் கத்தினார்கள்.

"மாமா! எந்திரிங்க மாமா! வேனு போகப் போகுது!" என்றார் கலைவாணி அக்கா. "பத்திரிகைல பேரு போடலன்னா என்ன, நான் வாயால கூப்புடுறேன், எந்திரிங்க!"

மாமா எப்படி எழுந்திருப்பார்? அவருக்குக் காது கிடையாது.

"யோவ் பெருசு! சாவியக் குடுய்யா!" என்று டீக்கடை அண்ணன் அதட்டினார். பிறகு மனது மாறி, "மன்னிச்சிருங்க மாமா, எங்க தப்புதான்" என்று காலில் விழப் போய், நிஜ மேசையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

டிவியை ஒருவரும் பார்க்கவில்லை. ஃபேனையும் பார்க்கவில்லை. ஐந்து நிமிடமும் மாமாவைக் கூப்பிட்டே போனது. ஒருவர்கூட முடிக்கவில்லை. ஒருவர்கூட.

ஏப்ரல் 19, சனி

அண்ணன் மெதுவாகத்தான் சொன்னார். "யோகி, வியாழக்கெழமக்குள்ள ஒருத்தராச்சும் அந்த ரூமத் தாண்டணும். இல்லேன்னா மூணு ரூமோட நிறுத்திக்கிருவோம். சோலமல ஐயா ஒத்துக்க மாட்டாரு, ஜனங்க தோத்துக்கிட்டே இருந்தா கியூ நிக்காது."

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ராத்திரி பசிக்கவில்லை, வெயில் அப்படி.

அம்மா விடவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் சொன்னேன். டிவி, ஃபேன், போர்வை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சரிடி. அந்தாளு வீட்டுலதான கெடக்கான்? சாவியக் குடுங்கண்ணேன்னு கேட்டா குடுத்துருவான்ல?"

நான் அம்மாவையே பார்த்தேன். இத்தனை நாளில் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஃபேனைத் திருப்புவது தோன்றியது. போர்வையை மடிப்பது தோன்றியது. கேட்பது தோன்றவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

கேட்பது என்பது சும்மாவா? முதலில் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். அக்கா என்பதா, மேடம் என்பதா? 'கொஞ்சம்' சேர்க்க வேண்டுமா? அதெல்லாம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பில் அப்படித்தான்.

ஒன்பதாவது படிக்கும்போது காய்ச்சலில் மூன்று வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பப் போனால், ஏன் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதனால் நாலாவது வாரமும் போகவில்லை. அப்புறம் நாலு வாரத்துக்குச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சரி, அது எதற்கு இப்போது. மாவு வாளிகளைக் கழுவ வேண்டும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மா சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். (நேரில் இல்லை. மெசேஜில். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.) துள்ளி எழுந்துவிட்டார்.

"மைக்கு வச்சிருவோம்! சத்தம் போட்டா மாமா முழிச்சு சாவியத் தருவாரு. முடிஞ்சது சோலி!"

சாயங்காலத்துக்குள் எழுதியும் விட்டார். கலைவாணி அக்காவைத் திரும்பக் கூப்பிட்டோம். "மாமோவ்!" என்று ஒரே கத்து. மாமா எழுந்து சாவியை நீட்டினார். அக்கா தாலியோடு வேனில் ஏறிவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

என் அறை ஆட்டத்தில் இருக்கும். நல்லதுதான். ஆனால் அது இனிமேல் புதிர் இல்லை. கத்தினால் கிடைக்கிற சாவி.

டிவியும் ஃபேனும் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். அண்ணனே சொன்னார்: "அது பாட்டுக்குக் கெடக்கட்டும், அழிக்க எனக்கு நேரமில்ல."

ஏப்ரல் 23, புதன்

மைதானத்துக்குச் சாமான்களைக் கொண்டுபோனோம். நம் ஸ்டாலுக்கு ஒரு பக்கம் ராட்டினம், இன்னொரு பக்கம் அப்பளக் கடை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி.

பெட்டியை மாட்டிப் பார்த்தேன். என் அறைக்குள் நுழைவதற்கு முன்பே மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். ராட்டினக்காரர் மைக்கில் "வாங்க வாங்க" என்றார், மாமா சாவியை நீட்டினார். ஜெனரேட்டர் போட்டார்கள், திரும்பவும் நீட்டினார். அப்பளக் கடையில் கரண்டி விழுந்தது. மாமா படுப்பதும் எழுவதும் சாவி கொடுப்பதுமாக, பார்க்கவே பாவமாக இருந்தது.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு வியாழன்" என்றார் ஜெனி அக்கா. எனக்கும் தெரியும்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மைக்கால் மனிதர் குரலையும் ராட்டினத்தையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்படியானால் மனிதர்தான் கேட்க வேண்டும் என்று ஜெனி அக்கா யோசனை சொன்னார். ஸ்டாலுக்குள் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஓர் ஆள். ஆடுகிறவர் என்ன பார்க்கிறார் என்று லேப்டாப்பில் தெரியும். அவர் கத்தினால், திரைக்குப் பின்னால் இருக்கிற ஆள் பொத்தானை அழுத்தி மாமாவை எழுப்பி, மைக்கில் மாமாவாகப் பேசுவார். யார் பேசினாலும் தடித்த ஆண்குரலாக மாற்றிவிடும் வசதி அண்ணனிடம் இருந்தது.

அண்ணன் பேசிப் பார்த்தார். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புபோல் இருந்தது. ஜெனி அக்கா பேசினார், முதல் வார்த்தையிலேயே சிரித்துவிட்டார். சோலைமலை ஐயா நானே பேசுகிறேன் என்று வந்தார். ஆடிய பையனிடம் ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க ஆரம்பித்து, அவன் தாத்தாவரைக்கும் போய்விட்டார். வேன் எப்போதோ கிளம்பிவிட்டது.

மூவரும் வெளியே நின்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கவனிக்காத நேரத்தில் ராட்டினம் ஓட்டுகிற முத்திருள் அண்ணன் உள்ளே வந்து பெட்டியை மாட்டிக்கொண்டார். விறுவிறுவென்று மூன்று அறை தாண்டினார். என் அறைக்கு வந்து, "மாமா! ஏ மாமா! எந்திரிய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

லேப்டாப்பில் மாமா அசையாமல் கிடந்தார். எனக்கு என்னமோ போல இருந்தது. பொத்தானை அழுத்தினேன்.

"ஏன்டா இப்பிடிக் கத்துற? நான் என்ன காது கேக்காதவனா?"

அது என் வாயிலிருந்துதான் வந்தது.

"மாமா, சாவி குடு மாமா!"

"எதுக்கு? பத்திரிகைல எம் பேரு இருக்கா?"

"விட்டுப் போச்சு மாமா."

"விட்டுப் போச்சா? உங்கப்பன் பேரு விட்டுப் போச்சா? உங்க சித்தப்பன் பேரு விட்டுப் போச்சா? பந்தல்காரன் பேரெல்லாம் போட்ருக்கீக, பெத்த பொண்ணு மாதிரி தூக்கி வளத்தவென் பேரு விட்டுப் போச்சா?"

முத்திருள் அண்ணன் கெஞ்சினார். மாமா மடியில் பெண்ணை உட்காரவைத்துத்தான் தாலி கட்டுவோம் என்று சத்தியம் செய்தார். முதல் பந்தியில் இலை போடுவதாகச் சொன்னார். "எத்தன வட?" என்று கேட்டேன். "அண்டாவோட மாமா!" என்றார். சாவியைக் கொடுத்தேன். ஓடிப்போய் வேனில் ஏறிவிட்டார்.

திரையை விலக்கிப் பார்த்தால் அண்ணன், அக்கா, ஐயா மூவரும் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"யாருய்யா இந்தப் புள்ள? நேத்து வரைக்கும் ஊமைன்னுல்ல நெனச்சேன்" என்றார் சோலைமலை ஐயா.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று யாரிடமும் அதிகம் பேசவில்லை. மாமா பேசியது கணக்கில் வராது.

ஏப்ரல் 26, சனி

திறப்பு. அம்மா புது துப்பட்டா கொடுத்தார். திரைக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள்?

கியூ ராட்டினத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு பெண் மாமாவிடம், "உங்களுக்குன்னு தனியா பிளக்ஸ் வைக்கிறோம் மாமா" என்றார். ஒரு காலேஜ் பையன் சண்டைக்கே வந்துவிட்டான்: "நீ வந்தா வா, வராட்டிப் போ, சாவிய வச்சுட்டுக் கோவிச்சுக்க." அவனுக்குத் தரவில்லை. ஒரு வயதான தம்பதியில் அந்த அம்மா மாமாவை விட்டுவிட்டு, வெளியே நின்ற தன் கணவரிடம் சண்டை போட ஆரம்பித்துவிட்டார். அவரும் ஏதோ கல்யாணத்துக்கு வராமல் படுத்தவராம்.

வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பவும் கியூவில் நின்றார்கள். தாலிக்காக இல்லை, மாமாவிடம் பேச.

டிவி பக்கம் யாரும் போகவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாயங்காலம் ஓர் அப்பா தன் பெண்ணைக் கூட்டி வந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். "இவ கொஞ்சம் கூச்சப்படுவா சார், பாத்துக்கங்க" என்று அண்ணனிடம் சொன்னது திரைக்குப் பின்னால் கேட்டது. அவள் அப்போது எங்கே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்று அறைகளையும் அவசரமில்லாமல் தாண்டினாள். என் அறைக்குள் வந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தயாராக இருந்தேன்.

அவள் கூப்பிடவில்லை.

ஹாரன் அடித்தது. "கத்துடி! மாமாவக் கூப்புடு!" என்று வெளியே அவள் அப்பா கத்தினார். எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அவள் மாமாவைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். கிட்டப் போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

என் கை மைக்கின் மேல் அப்படியே நின்றது. மாமா இப்போது என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். குறட்டை விட்டேன். நன்றாக, நீளமாக.

அவள் ஃபேனைத் திருப்பினாள். மாமா புரண்டார், வயிறு பின்னாலேயே போனது. தலையணையை உருவினாள். போர்வையை எடுத்து மடித்தாள், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, ஓரம் சரியாக இருக்கும்படி. தலைக்கு அடியில் தள்ளினாள். சாவி கையில் இருந்தது.

நான் குறட்டை விட்டுக்கொண்டே அழுதேனா என்று தெரியவில்லை. புழுக்கம்.

ஹாரன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. வேன் கிளம்பப் போகிறது என்று அர்த்தம். அவள் வாசல்வரை ஓடினாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

ஃபேனைப் பழையபடி மாமா பக்கம் திருப்பிவைத்தாள்.

அதற்கு ஆட்டத்தில் ஒன்றும் கிடையாது. நான் அப்படி ஒன்றை யோசிக்கவே இல்லை.

பிறகுதான் ஓடினாள். பீரோவைத் திறந்தாள், தாலியை எடுத்தாள், கூடத்தைத் தாண்டினாள். அதற்குள் இன்ஜின் சத்தம் கேட்டுவிட்டது. வாசலுக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது.

"டேய் டிரைவரு! வண்டிய நிறுத்துடா! எம் புள்ள வருதுல்ல!"

எழுந்த வேகத்தில் மைக் கீழே விழுந்திருந்தது. அது மாமா குரல் இல்லை. ராட்டினம்வரைக்கும் கேட்டதாக முத்திருள் அண்ணன் பிறகு சொன்னார். ரஃபீக் அண்ணன் ஒன்றும் கேட்காமல் நேரத்தை நிறுத்தினார். அவள் வேனில் ஏறினாள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கியூ மொத்தமும் என்னைப் பார்த்தது. என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை, நேரமில்லை. அவள் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முடி எல்லாம் கலைந்திருந்தது.

"ஃபேன எதுக்குத் திருப்பி வச்ச? வேன் போயிருக்கும்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். பெட்டியை என்னிடம் நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அவருக்கு வேர்க்கும்ல."

"ஆமா" என்றேன். "வேர்க்கும்."

இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. அவள் அப்பா அப்பளம் வாங்கித் தருவதாகச் சொல்லி இழுத்துக்கொண்டு போனார். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே போய், "யோவ் மாமா!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். "யோகி, ஓடு! மாமாவுக்கு மூச்சு நின்னுபோச்சுன்னு நெனைக்கப் போறாய்ங்க" என்றார் ஜெனி அக்கா.

இப்போது கூட்டம் கலைந்துவிட்டது. ஸ்டால் வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஃபேனைத் திருப்பிவைக்கிறவர்களுக்காக வேன் கூடுதல் நேரம் நிற்க வேண்டும், அதை நாளை அண்ணனிடம் கேட்க வேண்டும் என்று எழுத வந்தேன். நாளை எதற்கு? அண்ணன் பக்கத்திலேயே நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"செஞ்சுருவோம். எம்புட்டு நேரம் நிக்கணும்?" என்றார்.

"அவ வந்து ஏறுற வரைக்கும்" என்றேன்.